அவர் ஒன்றும் கேட்கவில்லை

ஹோங்கலா
9 அக்டோபர் 1983

அன்புள்ள கெர்ட்டு அக்கா,

உன் விலாசத்தைப் பிர்யோதான் கொடுத்தாள். மனசில்லாமல் கொடுத்தாள். “மாமா, அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைத்தான் திட்டுவாங்க” என்றாள். சொந்த அக்காவின் விலாசத்துக்காக அவள் மகளிடம் கெஞ்சி நிற்கிற நிலைமை எனக்கு வந்துவிட்டது. ஊரை விட்டு ஸ்வீடனுக்கே போகிறவள் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா? பஸ் நிலையத்தில் உன்னைப் பெட்டியோடு பார்த்ததாக ரொட்டிக் கடைக்காரி சொல்லித்தான் எனக்கே தெரியும். அவள் எதிரில் எல்லாம் தெரிந்தவன் போலத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

கோத்தன்பர்க்கில் குளிர் எப்படி? அங்கே மழைதான் அதிகம் என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் உன் ஸ்வீடிஷைப் புரிந்துகொள்கிறார்களா? நீ கத்தினால் எந்த மொழியிலும் புரியும், அது வேறு விஷயம்.

பிரசவ வார்டைச் செப்டம்பரில் பூட்டிவிட்டார்கள். உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நகர மன்றத்தில் ஏறக்குறைய எல்லாக் கையும் தூக்கிய தீர்மானம் அது. அதில் என் கை மட்டும் ஏன் உன் கண்ணை உறுத்துகிறது? டாக்டர் இல்லாத வார்டைத் திறந்துவைக்கச் சொல்லி நான் எப்படிப் பேசுவேன்? நான் தொழிற்பள்ளியில் தச்சு சொல்லிக்கொடுக்கிறவன். டாக்டரை மரத்தில் செதுக்கவா முடியும்?

ஒரு நல்ல சேதி. காகித ஆலை முதலாளி வெஸ்ட்ஹோல்ம் ஆலோசகர் ஊருக்குப் புது ஆம்புலன்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார். நீ அவரை ‘அந்த ஆள்’ என்றுதான் சொல்வாய். ஜனாதிபதி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பட்டம் ஆயிற்றே, நான் ஆலோசகர் என்றே சொல்கிறேன். பேண்டு வாத்தியம், காபி, கேக் எல்லாம் வைத்து விழா நடந்தது. தீயணைப்பு நிலையத் தலைவர் அந்த வண்டியைப் பார்த்த மாதிரி தன் பெண்டாட்டியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

பிர்யோவுக்குப் பிப்ரவரியில் குழந்தை. ஊரில் பாதிப் பேரை உலகத்துக்குக் கொண்டுவந்தவள் நீ. உன் பேரக் குழந்தைக்கு நீ இருக்க வேண்டாமா? என்ன கோபம் என்று சொன்னால்தானே எனக்குத் தெரியும்?

உன் தம்பி
ரெய்னோ

—

கோத்தன்பர்க்
20 அக்டோபர் 1983

ரெய்னோ,

என்ன கோபம் என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன்.

டாக்டர் சால்மெலா இன்னும் ஐந்து வருஷம் ஹோங்கலாவில் இருக்கச் சம்மதித்தது மூன்று பேருக்குத்தான் தெரியும். அவருக்கு, எனக்கு, உனக்கு. என் சமையலறையில் மீன் வறுத்துக்கொண்டே உன்னிடம் சொன்னேன். மன்றக் கூட்டத்தன்று நீ எழுந்து அதைச் சொன்னால் போதும், டாக்டர் இல்லை என்று சொல்லி வார்டை மூட முடியாது என்று நாம் பேசி வைத்தோம். அதுவரைக்கும் யாரிடமும் மூச்சு விடாதே என்று சொன்னேன். “நான் என்ன சின்னப் பையனா?” என்று சிரித்தாய். இரண்டு மீனை எடுத்துத் தின்றுவிட்டுப் போனாய்.

அடுத்த வாரமே டாக்டருக்கு ஹெல்சிங்கியிலிருந்து ஃபோன். தனியார் மருத்துவமனையில் தலைமைப் பதவி, கடலைப் பார்த்த வீடு. அவர் மனைவி எத்தனையோ வருஷமாக ஹெல்சிங்கி ஹெல்சிங்கி என்று உயிரை எடுத்தவள். மனுஷன் என் எதிரில் உட்கார்ந்து அழுதார். “கெர்ட்டு, என்னால முடியல. என்னை மன்னிச்சிரு” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்படியொரு வீட்டை எனக்குக் கொடுத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ.

அதற்கு முந்தின சனிக்கிழமை உன் கார் எந்த வாசலில் நின்றது என்று ஊருக்கே தெரியும், ரெய்னோ. அந்தப் பச்சைக் காரை மறைக்க முடியாது.

மன்றக் கூட்டத்தன்று பார்வையாளர் வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். நீ கை தூக்கும்போது என்னைப் பார்க்கவே இல்லை. அதனால்தான் சொல்லாமல் போனேன். நீ யாரிடம் சொன்னாய் என்று மட்டும் எழுது. கேலி எதுவும் எழுதாதே.

கெர்ட்டு

—

ஹோங்கலா
2 நவம்பர் 1983

அன்புள்ள அக்கா,

சொல்கிறேன். கேட்ட பிறகு உனக்கே தெரியும், இதில் யார் தப்பும் இல்லை என்று.

ஆலோசகரே ஃபோன் பண்ணினார். காரியதரிசி இல்லை, அவரே. சனிக்கிழமை சவுனாவில் நீராவிக் குளியலுக்கு வாருங்கள் என்றார். அக்கா, அந்த ஏரிக்கரைச் சவுனாவுக்கு அப்பா எத்தனை வருஷம் விறகு பிளந்து அடுப்பு மூட்டினார். கதவைத் திறந்துவிட்டுக் குளிரில் வெளியே நிற்பார். ஒரு நாளும் உள்ளே உட்கார்ந்ததில்லை. நான் மேல் பலகையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் வங்கி மேனேஜர், பத்திரிகை ஆசிரியர், மாகாண அலுவலகத்திலிருந்து ஒருவர். துணி இல்லாமல் உட்கார்ந்தால் யார் பெரியவன் யார் சின்னவன்? எல்லோருக்கும் தொப்பை ஒன்றுதான். கல்லில் தண்ணீர் ஊற்றினார்கள், பர்ச் மர இலைக்கொத்தால் உடம்பைத் தட்டிக்கொண்டோம், ஏரியில் குதித்தோம், தொத்திறைச்சி சுட்டுத் தின்றோம்.

பிறகு ஆலோசகர் சோப்பும் தூரிகையுமாக என் பின்னால் வந்து உட்கார்ந்தார். “ரெய்னோ, எங்க காட்டு மரம் பூராவும் உங்கப்பாதான் வெட்டினார். அவர் முதுகை எங்க வீட்டுல யாரும் தேய்ச்சுவிட்டதில்ல. திரும்புங்க” என்றார்.

தேய்த்துவிட்டார், அக்கா. அவசரம் இல்லாமல், கழுத்திலிருந்து இடுப்பு வரை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீராவியில் யாருக்கும் தெரியவில்லை. அப்பா இதைப் பார்க்காமல் போய்விட்டாரே என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் சொன்னார், “உங்க அக்காவை நெனச்சாப் பாவமா இருக்கு. அந்த வார்டே கதின்னு இருந்தவங்க.” உன்னை யாராவது பாவம் என்றால் எனக்குப் பொறுக்குமா? “எங்கக்காவுக்காகக் கவலைப்படாதீங்க, டாக்டரையே பேசி நிறுத்தி வெச்சிருக்கா” என்றேன். பெருமையாகச் சொன்னேன். அவர் “அப்படியா, ரொம்ப நல்லது” என்று முதுகில் வெந்நீர் ஊற்றினார். அவ்வளவுதான்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். கோயிலில் எப்படி இருப்போமோ அப்படிச் சவுனாவில் இருக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே உட்கார்ந்து எவனாவது சூழ்ச்சி பண்ணுவானா? டாக்டருக்கு வேலை வந்தது தற்செயல். அவருக்குப் போக வேண்டும் என்று இருந்தது, போனார்.

கிறிஸ்துமஸுக்கு வா.

ரெய்னோ

—

கோத்தன்பர்க்
15 நவம்பர் 1983

ரெய்னோ,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். முதல் தடவை கிழித்துப் போடலாம் என்று தோன்றியது.

உனக்கு ஏழு வயசு ஆகும்வரை சனிக்கிழமை தோறும் உன் முதுகைத் தேய்த்தவள் நான். கண்ணில் சோப்பு போய்விட்டது என்று ஊரைக் கூட்டுவாய். அதற்காக நீ என்றைக்காவது அழுதிருக்கிறாயா? அந்த ஆள் ஒரு தடவை தேய்த்ததற்கு என் வாயிலிருந்து வந்ததை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய்.

அவர் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். கேட்டிருந்தால் நீ சொல்லியிருக்க மாட்டாய். எனக்குத் தெரியும், நீ கெட்டவன் இல்லை. பணத்தை நீட்டியிருந்தால் முகத்தில் விட்டெறிந்திருப்பாய். அது அவருக்கும் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரி நிற்கிற ஏரிமுனை அந்த வட்டாரத்திலேயே நல்ல கரை. அங்கே என்ன வரப்போகிறது என்று பார்த்துக்கொண்டே இரு.

இதை விடு. இப்போது எனக்குப் பிர்யோதான் முக்கியம். அவள் இடுப்பு குறுகல், என்னைப் போல. முதல் பிரசவம். குவோப்பியோ ஆஸ்பத்திரிக்குப் பனியில் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். தேதி நெருங்குவதற்கு முன்பே அவள் குவோப்பியோவுக்குப் போய் யார்மோவின் அத்தை வீட்டில் தங்கட்டும். யார்மோ நல்ல பையன்தான், ஆனால் பெண்டாட்டி சொன்னால் சரி என்று விட்டுவிடுவான். அவள் உன் பேச்சைத்தான் கேட்பாள். அந்த வெள்ளை வண்டியை நம்பாதே. ஒரு வண்டி ஒரு வண்டிதான். நான் பிப்ரவரிக் கடைசியில் லீவு கேட்டிருக்கிறேன், அதற்கு முன் கிடைக்காது.

எனக்காக இந்த ஒன்றை மட்டும் செய். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

கெர்ட்டு

—

ஹோங்கலா
22 ஜனவரி 1984

அன்புள்ள அக்கா,

‘பிறகு பேசிக்கொள்ளலாம்’ என்று எழுதினாயே, அந்த ஒரு வரியை வைத்தே கிறிஸ்துமஸை ஓட்டிவிட்டேன். நீ அனுப்பிய கம்பளிக் காலுறை சரியாக இருக்கிறது.

பிர்யோ நன்றாக இருக்கிறாள். கன்னம் இரண்டும் உப்பிப்போய்ச் சின்ன வயசில் உன்னைப் பார்த்த மாதிரியே இருக்கிறது. யார்மோவின் அத்தை வீட்டுக்குப் போக மாட்டேன் என்கிறாள். அங்கே பூனைகள், அத்தை ஓயாமல் சிகரெட் வேறு. “மாமா, நான் என் வீட்டுல இருக்கேனே” என்றாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. அதனால் ஆலோசகரிடமே கேட்டுவிட்டேன். மன்றத்து வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வண்டி எப்பவும் ஹோங்கலாவுலதான் நிக்கும், ரெய்னோ. இது என் வாக்கு” என்றார். அதற்கு மேல் என்ன வேண்டும்? வீட்டிலேயே இரு என்று பிர்யோவிடம் சொல்லிவிட்டேன்.

ஏரிமுனை விஷயத்தில் நீ சொன்னது நடந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஒரு நிறுவனம் மூடிக்கிடக்கிற ஆஸ்பத்திரிக் கட்டிடத்தை வாங்கி ஓட்டல் ஆக்கப்போகிறதாம். யாருடைய நிறுவனம் என்று பத்திரத்தில் தெளிவாக இல்லை. நல்ல விலைதான், ஊரில் பலருக்கு வேலை கிடைக்கும் என்றார்கள். மன்றத்தில் எல்லோரும் கை தூக்கினார்கள், நானும் தூக்கினேன்.

நீ கப்பலை விட்டு இறங்கும்போது நான் காரோடு துறைமுகத்தில் நிற்பேன்.

ரெய்னோ

—

ஹோங்கலா
19 பிப்ரவரி 1984

அக்கா,

யார்மோ ஃபோனில் சொல்லியிருப்பான். நானும் எழுதாமல் இருக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

போன ஞாயிறு காலை வலி எடுத்தது. வண்டி ஹோங்கலாவில் இல்லை. ஆலைக் கணக்கர் ஒருவருக்கு நெஞ்சு வலி என்று குவோப்பியோவுக்குப் போயிருந்தது. அவருக்கும் உண்மையிலேயே நெஞ்சு வலிதான், விசாரித்தேன். யார்மோ காரை ஓட்டினான். பின்சீட்டில் பிர்யோவோடு நான். பனி கொட்டியது. பாதி வழிக்குமேல் ஓட்ட முடியவில்லை. தூரத்தில் ஒரு பண்ணை வீடு தெரிந்தது, ஃபோன் செய்ய யார்மோ இறங்கி ஓடினான்.

அவன் திரும்புவதற்குள் தலை வந்துவிட்டது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. “மாமா, அம்மா இருந்தா இப்ப என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, அக்கா. தெரியவில்லை.

பெண் குழந்தை. கொஞ்ச நேரம் உயிர் இருந்தது. ஞானஸ்நானம் கொடுங்கள் என்று பிர்யோ சொன்னாள். திருச்சபையை விட்டு விலகி, பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டவன் நான். இருந்தும் பனியை உள்ளங்கையில் வைத்து உருக்கி நெற்றியில் விட்டேன். என்ன பெயர் என்று கேட்டேன். “கெர்ட்டு” என்றாள்.

ரெய்னோ

—

கோத்தன்பர்க்
18 மார்ச் 1984

ரெய்னோ,

அடக்கத்தன்று கல்லறையில் உன்னோடு பேசவில்லை. நீ பக்கத்தில் வந்து நின்றது தெரியும். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை, அதனால்தான் யார்மோ பக்கம் போய் நின்றேன்.

பிர்யோ உன்னிடம் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். நான் இருந்திருந்தால் ஒரு விரலை உள்ளே விட்டுக் கொடியைத் தளர்த்தித் தலைக்கு மேலாகக் கழற்றியிருப்பேன். இறுக்கமாக இருந்தால் இரண்டு இடத்தில் இடுக்கி போட்டு நடுவில் வெட்டியிருப்பேன். கண் மூடித் திறப்பதற்குள் முடிகிற வேலை. அந்த வார்டில் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். பெற்றவளுக்குச் சொல்லக்கூட மாட்டோம், வீணாகப் பயப்படுவாள் என்று.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். ஆனால் விடிந்து எழுந்தால் என் மனசு என்னைத்தான் கேட்கிறது. உன் மேல் இருந்த கோபத்தில் நான் ஊரை விட்டு வந்தேன். வராமல் இருந்திருந்தால் அந்தக் காரின் பின்சீட்டில் நான் இருந்திருப்பேன். இங்கே நாள் முழுக்க யார் யார் குழந்தையையோ கையில் வாங்குகிறேன். என் பெயர் வைத்த குழந்தையை வாங்க என் கை அங்கே இல்லை. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

மலர்வளையங்களிலேயே பெரியது வெஸ்ட்ஹோல்ம் அனுப்பியது. வெள்ளை லில்லி, பட்டு நாடா. குழந்தையின் பெட்டியை விட அது பெரிதாக இருந்தது. பாதிரியார் அதை முன்னால் எடுத்து வைத்தார்.

கெர்ட்டு

—

ஹோங்கலா
27 மே 1984

அன்புள்ள அக்கா,

நடந்ததைச் சொல்கிறேன். பத்திரிகையில் முழுசாக வரவில்லை.

நம்முடைய மன்றத்தில் விவசாயிகள் கட்சி ஹூவரினன் இருக்கிறானே, அவனோடு படகில் மீன் பிடிக்கப் போயிருந்தேன். பேச்சு எப்படியோ ஏரிக்கரைச் சவுனாவுக்குப் போனது. “அவர் கையால என் முதுகைத் தேய்ச்சு விட்டாருய்யா. உங்கப்பா எங்க வயல் பூராவும் உழுதவர், அவர் முதுகை யாரும் தேய்ச்சதில்லன்னு சொன்னார். நான் அழுதுட்டேன்” என்றான். எனக்குத் தூண்டில் கையிலிருந்து நழுவிவிட்டது. “எனக்கும் தேய்ச்சார்” என்றேன். இரண்டு பேரும் படகில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஒவ்வொருவராக விசாரித்தேன். கை தூக்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் தனித்தனிச் சனிக்கிழமைகளில் போயிருக்கிறார்கள். ஒவ்வொருவனும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்து மனசுக்குள் பூட்டி வைத்திருக்கிறான்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் எழுந்தேன். யாருடைய அப்பா என்ன வேலை பார்த்தார், யார் என்ன சொன்னார்கள், டாக்டருக்கு எப்போது ஃபோன் வந்தது, ஏரிமுனை யார் கைக்குப் போனது, எல்லாம் சொன்னேன். என் தப்பை முதலில் சொன்னேன். குழந்தையைப் பற்றியும் சொன்னேன்.

மன்றத் தலைவர், “ரெய்னோ, சவுனால பேசினதை இங்க கொண்டு வராதீங்க. நமக்குன்னு ஒரு முறை இருக்கு” என்றார். ஹூவரினன் தன் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த விஷயம் தெருவிளக்கு, அதற்குப் போய்விட்டார்கள்.

பத்திரிகையில் வந்தது ஒரே வரி. ‘ரெய்னோ கர்வினனும் பேசினார்.’

வெஸ்ட்ஹோல்ம் மேல் ஊர் கோபப்படும் என்று நினைத்தேன். என் மேல்தான் கோபம். பள்ளிக்கூடக் காவலாளி முகத்துக்கு நேரே சொன்னான்: “நாளைக்கு என் வீட்டு சவுனால நான் என்ன சொன்னேன்னும் மேடையில ஏறிச் சொல்லுவே.” வார்டில் பிள்ளை பெற்ற பெண்கள்கூட அப்படித்தான் பேசுகிறார்கள். பக்கத்து வீட்டில் பதினைந்து வருஷமாகச் சனிக்கிழமை என்னைச் சவுனாவுக்குக் கூப்பிடுவார்கள், இப்போது ஜன்னல் திரையை இழுத்துவிடுகிறார்கள். இந்தத் தேர்தலில் ஓய்வு எடுத்துக்கொள் என்று கட்சிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு இங்கே யாரும் இல்லை, அக்கா. கோடை விடுமுறையில் நான் அங்கே வரலாமா? தரையில் படுத்துக்கொள்கிறேன்.

ரெய்னோ

—

கோத்தன்பர்க்
17 ஜூன் 1984

ரெய்னோ,

நீ எழுந்து பேசியது நல்ல காரியம். அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த ஊரில் வேறு எவனுக்கும் அது இல்லை. படித்துவிட்டு உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

ஆனால் வராதே. பிர்யோவும் யார்மோவும் அடுத்த வாரம் இங்கே வருகிறார்கள். யார்மோவுக்குத் தொழிற்சாலையில் இடம் கிடைத்திருக்கிறது. பிர்யோ உன்னைப் பற்றி ஒரு குறையும் சொல்வதில்லை. உன் பெயர் வந்தால் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுகிறாளாம், யார்மோ சொன்னான். அவள் இருக்கிற வீட்டில் உன்னை எப்படி உட்கார வைப்பேன்?

எனக்கும் முடியவில்லை. சொல்லிவிடுகிறேன். உன்னை மன்னிக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன், வரவில்லை. எவ்வளவு நாள் ஆகும் என்று தெரியாது. நீ என் தம்பிதான், அது மாறாது.

கல்லறையில் வைத்த செடிக்குத் தண்ணீர் விடு. நாங்கள் யாரும் அங்கே இல்லை.

கெர்ட்டு

—

ஹோங்கலா
26 ஆகஸ்ட் 1984

அன்புள்ள அக்கா,

செடிக்குத் தண்ணீர் விடுகிறேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் பூ இரண்டு வந்திருக்கிறது.

ஓட்டல் திறந்தாகிவிட்டது. வார்டு இருந்த பக்கத்தில் சாப்பாட்டுக் கூடம் வைத்திருக்கிறார்கள். ஜன்னலிலிருந்து ஏரி முழுவதும் தெரிகிறது என்கிறார்கள். நான் போகவில்லை.

கோடை முழுவதும் ஃபோன் அடிக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் தெருவெங்கும் சவுனாப் புகை எழும். நான் வீட்டுக்குள் உட்கார்ந்து வானொலி கேட்பேன். வீட்டில் சவுனா கட்டாமல் விட்டுவிட்டேனே என்று இப்போது நினைக்கிறேன். எங்கேயாவது கூப்பிடுவார்கள் என்றுதான் கட்டவில்லை.

போன வியாழக்கிழமை ஃபோன் அடித்தது. “என்ன ரெய்னோ, சனிக்கிழமை சும்மாதானே இருக்கீங்க?” என்றார் ஆலோசகர். குரலில் ஒரு வருத்தமும் இல்லை. நான் சொன்னதெல்லாம் அவர் காதுக்குப் போகாமலா இருந்திருக்கும்?

நீ இதைப் படித்துவிட்டு என்ன நினைப்பாய் என்று தெரியும். ஆனாலும் உன்னிடம் மறைக்க எனக்கு மனசில்லை. போனேன். முன்பு இருந்தவர்கள்தான் இருந்தார்கள். மன்றத்தில் நான் பேசியதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. ஆலோசகர் பிர்யோவை விசாரித்தார். ஸ்வீடனுக்குப் போய்விட்டாள் என்றேன். “பாவம், சின்னப் பொண்ணு” என்றார். உண்மையாகவே கண் கலங்கினார், அக்கா. பிறகு, “மன்றத்துல உங்களை மாதிரி ஆளு இல்லாம எப்படி? கட்சி கிட்சின்னு பார்க்காதீங்க, வேற வேட்பாளர் பட்டியல் இருக்கு” என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஒன்றும் கேட்கவில்லை.

சோப்பையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். திரும்புங்கள் என்று அவர் சொல்வதற்கு முன்பே நான் திரும்பி உட்கார்ந்துவிட்டேன்.

போகாமல் இருந்திருக்கலாம். வேறு யாரும் என்னைக் கூப்பிடவில்லை, அக்கா.

ரெய்னோ